வாடகை மனையில் சொந்தச் சேவையகம்

ஒரு நிறுவனத்தின் பதிவுகள் முன்னாளிற் பேரேட்டிலும் கோப்பிலும் இருந்தன. அவற்றை எங்கே வைப்பது என்பது ஒரு வினாவாகவே எழவில்லை. கந்தோரில் ஓர் அறை, அறையுள் ஓர் இரும்புப் பெட்டி, பெட்டிக்கு ஒரு திறப்பு, அவ்வளவே. இன்று அப்பதிவுகள் சேவையகம் என்னும் கணினியில் உறைகின்றன. ஏனைய கணினிகள் கேட்பதை எடுத்து வழங்குதற்கென இரவும் பகலும் இயங்குவது சேவையகம். அஃது ஓயாது மின்னை உண்பது, வெப்பத்தை உமிழ்வது, வெளியுலகோடு இடையறாத் தொடர்பை வேண்டுவது. ஆதலின் அதனை எங்கே வைப்பது என்பது வணிகரும், கூட்டுறவுச் சங்கத்தாரும், வைத்தியசாலை நடத்துவோரும், பாடசாலை அதிபரும் விடை காணவேண்டிய வினாவாயிற்று. அவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்றை எடுத்து, யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து நோக்குமிடத்து அஃது எவர்க்குப் பொருந்தும், எவர்க்குப் பொருந்தாது என்பதை இங்கு ஆராய்வாம்.

விடைகள் நான்கு வகைப்படும். சேவையகத்தை விலைக்கு வாங்கித் தன் கட்டடத்திலேயே வைத்து நடத்துதல் ஒன்று. வேறொருவருக்குச் சொந்தமான சேவையகத்தை முழுதாக வாடகைக்கு எடுத்தல் மற்றொன்று. எக்கணினி எங்குள்ளது என்பதை அறியாமலே வேண்டிய அளவு கணிப்பாற்றலையும் சேமிப்பிடத்தையும் பயன்படுத்தி, பயன்படுத்திய அளவுக்குப் பணங்கட்டுதல் பிறிதொன்று. இதனை முகிற்கணிமை என்பர். எஞ்சியதே நாம் எடுத்துக்கொண்டது. சேவையகம் நம்முடையது; அது நிற்கும் இடமும், உண்ணும் மின்னும், அதனைக் குளிர்விக்கும் காற்றும், வெளியே செல்லும் வடமும் வேறொருவருடையவை. ஆங்கிலத்திற் கொலொக்கேசன் எனப்படும் இதனை இடவாடகை முறை என்று குறிப்போம். வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் நகை வைப்பார் நிலை இதற்கு ஒருபுடை ஒப்பாகும். பெட்டகமும் காவலும் வங்கியுடையன, நகை நம்முடையது, கடுக்கனின் திருகு கழன்றால் அதற்கு வங்கி பொறுப்பன்று. உவமை அவ்வளவிலேயே நிற்கும். நகை சும்மா கிடப்பது. சேவையகமோ கணந்தோறும் உழைத்துத் தேய்வது.

இவ்வாறு இடம் வாடகைக்கு விடும் கட்டடத்தைத் தரவு மையம் என்பர். உள்ளே வரிசை வரிசையாக இரும்பு இறாக்கைகள் நிற்கும். அவற்றிற் பொருத்தும் கருவிகளின் அகலம் உலகெங்கும் 19 அங்குலம். உயரத்தை ஒன்றேமுக்கால் அங்குலத்தை ஓர் அலகாகக் கொண்டு அளப்பர். முழு இறாக்கை பெரும்பாலும் 42 அலகு. வாடகை முழு இறாக்கைக்கோ, பாதிக்கோ, ஓர் அலகுக்கோ பேசப்படும். ஒவ்வோர் இறாக்கைக்கும் இருவழியாக மின் வரும். ஒருவழி அற்றால் மறுவழி தாங்கும். பொதுமின் நின்றால் மின்கல அடுக்குகள் சில நிமிடம் தாங்க, அதற்குள் மின்பிறப்பாக்கி எழும். அப்ரைம் இன்ஸ்டிற்றியூட் என்னும் அமெரிக்க நிறுவனம் இம்மையங்களை நான்கு படிகளாக வகுத்துள்ளது. மூன்றாம் படிக்கு வழமையாகக் கூறப்படும் 99.982 விழுக்காடு, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணிநேர இடைநிற்றலுக்குச் சமம். இலங்கையில் இத்தகைய மையங்கள் கொழும்பிலும் ஹோமாகமப் பிட்டிப்பனை போன்ற அதன் சுற்றயலிலுமே செறிந்துள்ளன. குடாநாட்டு நிறுவனத்தார்க்கு ஏனையோர்க்கில்லாத சில கணக்குகள் இதனாலேயே உண்டாகின்றன.

இம்முறை தோன்றியது மின்னை நாடியன்று, அயலை நாடியே. நியூயோர்க்கில் ஹட்சன் தெருவின் 60ஆம் இலக்கக் கட்டடம் வெஸ்ரேண் யூனியன் தந்திக் கொம்பனிக்காக 1930ஆம் ஆண்டளவிற் கட்டி முடிக்கப்பட்டது. தந்தி மறைந்தபின், தொலைபேசிக் கொம்பனிகளும் இணையக் கொம்பனிகளும் தத்தம் கருவிகளை அங்கே கொண்டுவந்து வைத்தன. ஒரே கூரையின்கீழ் இருந்தால் ஒருவர் கருவியிலிருந்து மற்றவர் கருவிக்குச் சில யார் வடமே போதும் என்பதே காரணம். 1998இல் நிறுவப்பட்ட ஈக்குவினிக்ஸ் கொம்பனி இவ்வயலுறவையே வணிகமாக்கி உலகெங்கும் பரந்தது. அயலை நாடி அங்கே செல்வது ஒன்று. நல்ல மின்னையும் குளிரையும் நாடிச் செல்வது வேறொன்று. எதனை நாடி நாம் செல்கின்றோம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். யாழ்ப்பாணத்தவருட் பெரும்பாலார் மின்னை நாடியே செல்வர் என்பது என் எண்ணம்.

ஆகவே மின்னைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். போர்க்காலத்தில் நாட்டின் மின்வலையினின்றும் அறுபட்டிருந்த குடாநாடு, கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு இழுக்கப்பட்ட 132 கிலோவோற்று மின்பாதையால் மீண்டும் இணைந்தது 2010களிலேதான். வலை இணைந்துவிட்டமையால் இடையூறு ஒழிந்துவிடவில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், மார்ச் மாத இறுதியில், மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. மின்பிறப்பாக்கிக்கு ஊற்ற டீசலும் கிடைத்தற்கரியதாயிற்று. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு நிலைமாற்றியைத் தீண்டியதால் நாடு முழுவதும் இருண்டது என்று பொறுப்பான அமைச்சர் அறிவித்தார். இலங்கைக்கும் குரங்குக்கும் உள்ள பழைய தொடர்பு பலர்க்கு அன்று நினைவு வந்திருக்கும்.

இனி, வீட்டிலேயே சேவையகம் வைப்பார்க்கு வரும் மின்செலவைக் கணித்துப் பார்ப்போம். நடுத்தரச் சேவையகம் ஒன்று 300 வாற்று மின்னை ஓயாது உண்பதாகக் கொள்க. நாளொன்றுக்கு 7.2 அலகு; 30 நாளுக்கு 216 அலகு. உண்ட மின் முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். அவ்வெப்பத்தை அகற்றக் குளிரூட்டி மேலும் உண்ணும். சிறிய அறைகளில் அவ்விரண்டாவது செலவு முதற்செலவின் பாதிக்குக் குறையாது எனக் கொண்டாலும், மாதத்துக்கு 324 அலகு ஆகிவிடும். சேவையகத்துக்குட் புகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருத்தல் நன்று என்பது பொறியியலார் விதி. நம் சித்திரை வெயிலில் குளிரூட்டி ஒரு பிற்பகல் நின்றாலும் அவ்வறை சூளையாகும். கடற்காற்றின் உப்பு வேறு. கதவிற் பூட்டிய பித்தளைப் பூட்டுக்கு நேர்வதைக் கண்டவர், நுண்ணிய செப்புக் கம்பிகளுக்கு என்ன நேரும் என்பதை உய்த்துணரலாம். இத்தனையையும் ஒரேயொரு சேவையகத்துக்காகத் தனியே செய்வது வீண். பலர் சேர்ந்து ஒரு கட்டடத்திற் செய்வது சிக்கனம். இடவாடகை முறையின் நியாயம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

இந்நியாயம் வலிது. ஆயினும் அதனை ஏற்குமுன், பதிவுகளைப் பயன்படுத்துவோர் எங்கே இருக்கின்றனர் என்று கேட்டல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையை எண்ணுக. நோயாளர் பதிவைப் பார்ப்போர் அனைவரும் அக்கட்டடத்துக்குள்ளேயே உள்ளனர். சேவையகம் கொழும்பில் நிற்குமாயின், மேல்மாடி மருத்துவர் கீழ்மாடியில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவைக் காண, அச்செய்தி 400 கிலோமீற்றர் போய்த் திரும்பவேண்டும். நேரத்தைப் பொறுத்தவரை இது பெரிதன்று. ஒளி கண்ணாடி இழையினூடாக நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும்; ஆகவே போக்குவரவு 4 மில்லிநொடி. இடைக் கருவிகளின் தாமதத்தைக் கூட்டினாலும் மனிதர் உணரார். பெரிது யாதெனின், அந்த 400 கிலோமீற்றர் இழையும் இப்போது வைத்தியசாலைக் கட்டடத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. வீதி அகலிக்கும் இயந்திரம் ஒன்று எங்கோ ஓரிடத்தில் இழையை வெட்டினாற் கீழ்மாடியும் மேல்மாடியும் ஒன்றையொன்று அறியா. இத்தகையோர்க்குச் சேவையகம் தம் சுவருக்குள் இருத்தலே முறை. கொழும்பில் ஒரு பிரதி இருக்கலாம்.

இதற்கு நேர்மாறானவர் மின்னூலகம் நடத்துவோர். 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ இணையத்தளத்தை எடுத்துக்கொள்வோம். ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் அங்கே நாடுவோர் யாழ்ப்பாணத்திலும் உளர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் உளர். வாசகர் உலகெங்கும் பரந்திருக்குமிடத்து, பாதைகள் பல கூடும் சந்தியில் நூல்கள் இருத்தல் நன்று. இலங்கையை வெளியுலகோடு இணைக்கும் கடலடி வடங்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை என மேற்கிலும் தெற்கிலும் கரையேறுகின்றன. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் சில மணிநேரத்திற் செல்லும். நம் செய்தியோ முதலிற் கொழும்புக்குப் போய், 2006இல் இடப்பட்ட பாரத–லங்கா வடம் போன்ற ஒன்றிலேறித் தூத்துக்குடியை அடைதல் வேண்டும். பூகோளம் படித்தவர்க்கு இது விநோதமாகத் தோன்றலாம்.

மூன்றாவதாக, கை. சேவையகத்தின் வன்தட்டுகள் முன்னறிவித்தலின்றி இறக்கும். மின்வழங்கிப் பெட்டி எரியும். சில வேளை காரணமின்றியே பொறி உறைந்து நிற்கும். உறைந்த பொறியை இங்கிருந்தே எழுப்பலாம். நல்ல சேவையகங்களில் தொலைவிலிருந்து ஆளுதற்கென ஒரு சிறு தனிக்கணினி உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். பெருங்கணினி மயங்கிக் கிடந்தாலும் அது விழித்திருந்து நம் கட்டளையை ஏற்கும். அஃதில்லாத பொறியை வெளியூரில் வைத்தல் அறிவுடைமையன்று. ஆனால், இறந்த தட்டைக் கழற்றிப் புதியதைச் செருக ஒரு கை வேண்டும். மைய ஊழியர் கூலிக்குச் செய்வர். எத்தட்டை என்று பிழையறச் சொல்லவேண்டியவர் நாமே. அதற்கும் மேற்பட்ட பழுதாயின் நம்மவர் ஒருவர் பயணம் செய்யவேண்டும்: இரவுப் பேருந்தில் ஏறினால் விடியற்காலை கொழும்பு, பகல் முழுவதும் வேலை, மறுநாள் வீடு. வழி திறந்திருக்குமாயின் இவ்வளவே. 1990இல் நின்ற புகையிரதம் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது 2014 ஒக்ரோபரில். ஏ9 வீதி 2006 ஆகஸ்டில் மூடப்பட்டுப் போர் முடியும்வரை பொதுமக்களுக்கு அடைபட்டிருந்தது. அமைதிக் காலத்திலும் இயற்கை அடைக்கும்: 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின் வெள்ளம் வீதிகளையும் தண்டவாளங்களையும் பல இடங்களிற் பெயர்த்தெறிந்தது. ஆதலின், மாற்றுத் தட்டு இரண்டும் மாற்று மின்வழங்கி ஒன்றும் சேவையகத்தோடு அதே இறாக்கையில் வைத்தல் இன்றியமையாதது. கொழும்பிலுள்ளவர் மறந்தாலும் அமைவது, நமக்கு மறந்தால் அமையாது.

பணத்தைப் பற்றிய வாதம் இன்று உலகெங்கும் நிகழ்கின்றது. 37சிக்னல்ஸ் என்னும் அமெரிக்க மென்பொருட் கொம்பனி 2022இல் முகிற்கணிமைக்கு 32 இலட்சம் டொலர் செலுத்தியது. பின்னர் ஏறத்தாழ 7 இலட்சம் டொலருக்குச் சேவையகங்கள் வாங்கி, இடவாடகை மையங்களில் வைத்து, ஆண்டுச் செலவை 13 இலட்சமாகக் குறைத்ததாக அறிவித்தது. இதனைக் கேட்டுப் பலர் துள்ளினர். அக்கொம்பனிக்கு அதற்கு முன்னரே வாடகை இறாக்கைகளும், பொறிகளை ஆளும் பழகிய ஊழியரும் இருந்தனர் என்பதையும், அதன் வேலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக இருந்தது என்பதையும் துள்ளியவர் கருதவில்லை. சீரான பெருவேலைக்குச் சொந்தப்பொறி இலாபம்; ஏறியிறங்கும் வேலைக்கு முகில் இலாபம். பரீட்சை முடிவு வெளியாகும் ஒருநாள் மட்டும் ஆயிரமாயிரம் பேர் வந்து மோதும் தளத்துக்காக ஆண்டு முழுவதும் பெரும்பொறியை நிறுத்திவைத்தல், தேருக்கு வரும் சனத்துக்காக 365 நாளும் பந்தல் கட்டிவைப்பது போலாம்.

நம் நாட்டில் வேறொரு கணக்கும் உண்டு. வெளிநாட்டு முகிலுக்குரிய கட்டணம் டொலரில் வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபா. ஒரு சேவையும் கூடாமலே, இரு மாதத்தில் அக்கட்டணம் முக்கால் மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. சொந்தப்பொறி வைத்திருந்தவர் அதன் விலையை முன்னரே கொடுத்து முடித்தவர். உள்நாட்டு இடவாடகை ரூபாவில் எழுதப்பட்டிருந்தால் அவரது இடர் சிறிது. மாற்றுறுப்பு வாங்கும்போது மட்டும் டொலர் அவரையும் தேடிவரும்.

சேமிப்பிடம் மிகுதியாக வேண்டுவோர்க்கு இக்கணக்கு இன்னும் கூர்மையாகும். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வண்ணத்திற் படியெடுத்தால், சுருக்காத வடிவில் ஏறத்தாழ 104 மெகாபைற். 300 பக்க நூல் 31 கிகாபைற். ஆயிரம் நூல் 31 டெராபைற். இவ்வளவையும் முகிலில் வைத்தால் ஒருவரும் புரட்டாத மாதத்துக்கும் வாடகை வரும்; எடுத்துப் பார்த்தால் எடுத்தமைக்கும் கட்டணம் வருவது பெரும்பான்மை. தட்டுகளைச் சொந்தமாக வாங்கி வாடகை இறாக்கையில் வைத்தல் இத்தகையோர்க்கு மிகப் பொருந்தும்.

இவ்வளவும் இடத்தைப் பற்றியன. இடம் நன்றாயின் பதிவும் பிழைக்கும் என்று எண்ணுவது பரவலாகக் காணப்படும் மயக்கம். நம் ஊரில் இதனை விளக்குதற்கு வெளியூர் எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி இரவு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகம் அமைந்திருந்த கட்டடம் அழகியது, உறுதியானது. அங்கே அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள், வேறிடத்திற் படி இருந்தவை பின்னர் மீண்டும் வாங்கப்பட்டன. படியில்லாத ஏடுகள் போயே போயின. கட்டடத்தை மீட்டெழுப்ப முடிந்தது.

தரவு மையங்களும் எரியும். 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கொம்பனியின் ஐந்துமாடி மையம் எரிந்தழிந்தது. காப்புப் பிரதியையும் அவ்வளாகத்திலேயே வைத்திருந்தோர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். 2025 செப்டெம்பர் 26ஆம் நாள் தென்கொரியத் தேஜொன் நகரின் அரச தரவு மையத்தில் மின்கலத் தீ பற்றியது. 647 அரச சேவைகள் நின்றன. அரச ஊழியர் கோப்புகள் 858 டெராபைற் அழிந்தன. அக்கோப்புத் தொகுதி பெரிதாகையால் அதற்கு வேறிடத்திற் பிரதி வைக்கப்படவில்லை என்று கூறப்பட்டது. தீயில்லாமலும் இழப்பு வரும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரச முகிலில் நுழைந்த பணயத் தீநிரல், அரச மின்னஞ்சற் கணக்குகள் 5,000 வரையிலானவற்றின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களை அழித்தது. அக்காலத்துக்கான காப்புப் பிரதி இல்லை. அங்கே மின்னும் குளிரும் காவலும் குறைவின்றி இருந்திருக்கும். வைத்தவர்க்குரிய பணி ஒன்று செய்யப்படாமற் கிடந்தது.

இடவாடகை முறையில் அப்பணி முழுவதும் நம்முடையது. மைய உரிமையாளர் கதவைக் காப்பார். உள்ளே உறையும் பதிவைப் பார்க்கவும் மாட்டார், படியெடுக்கவும் மாட்டார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவை எதற்காக, எவ்வாறு கையாள்வது என்று தீர்மானிப்பவர் மீதே முதற்பொறுப்பைச் சுமத்துகின்றது. ஆகவே, கொழும்பிற் சேவையகம் வைப்பவர் யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதியும், யாழ்ப்பாணத்தில் வைப்பவர் வெளியே ஒரு பிரதியும் வைத்தல் வேண்டும். ஒரு பிரதியேனும் வலையினின்றும் கழற்றப்பட்டிருத்தல் வேண்டும். பூட்டிய தட்டை எந்தத் தீநிரலும் தீண்டாது. ஆண்டுக்கு இருமுறையாவது அப்பிரதியிலிருந்து பதிவுகளை மீட்டெடுத்துப் பார்த்தல் வேண்டும். இச்செலவைச் சேர்க்காது போட்ட கணக்கு கணக்கன்று.

இவற்றைச் சேர்த்து நோக்கினால், கணக்குப் பதிவும் சரக்கிருப்பும் மட்டும் பேணும் கடைக்காரர்க்கு இடவாடகை முறை வேண்டியதில்லை. அவர்க்கு ஒரு சிறு கணினியும், முகிலில் ஒரு பிரதியும், பூட்டிய பெட்டியில் ஒரு தட்டும் போதும். கிளை பல உடைய கூட்டுறவுச் சங்கம் பொறியறிந்த ஊழியர் இருவரையேனும் நிலையாக வைத்திருக்குமாயின் எண்ணிப் பார்க்கலாம். ஒருவரே ஆயின், அவர் கனடாவுக்குப் போகும் நாளில் அச்சேவையகம் அநாதையாகும். ஓயாத வேலையுடைய மென்பொருட் கொம்பனிக்கும், படங்களும் ஒலிகளும் நூல்களும் திரட்டும் ஆவணக் காப்பகத்துக்கும் இது நன்கு பொருந்தும்.

ஒப்பந்தம் எழுதுமிடத்து வாடகைத் தொகையினும் ஏனைய வாசகங்களே உற்று நோக்கத்தக்கன. மின்னுக்குத் தனி அளவி உண்டா, அன்றி ஒரு மொத்தத் தொகையா? நள்ளிரவில் நம் ஆள் சென்றால் உள்ளே விடுவரா, எவ்வகை அடையாளம் காட்டவேண்டும்? ஒரு கொம்பனியின் வடத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டுமா, நாம் விரும்பும் கொம்பனியின் வடத்தை உள்ளே கொண்டுவரலாமா? தீயாலோ நீராலோ பொறி கெட்டாற் காப்புறுதி எவருடையது? பெரும்பாலும் நம்முடையதே, மைய உரிமையாளரின் காப்புறுதி அவரது கட்டடத்தோடு நின்றுவிடும். வாடகை நிலுவையாயின் பொறியைத் தடுத்துவைக்கும் உரிமை அவர்க்கு உண்டா, அவர் கடனாளியாகிக் கட்டடம் முத்திரையிடப்பட்டால் நம் பொறி நம்முடையதென்று எதனைக் காட்டி மீட்பது? இதன்பொருட்டு ஒவ்வொரு பொறியின் தொடரிலக்கமும் ஒப்பந்தத்தின் அட்டவணையில் எழுதப்படல் வேண்டும். வாங்கிய பற்றுச்சீட்டின் ஒரு படி யாழ்ப்பாணக் கந்தோரிலும், மற்றொரு படி சட்டத்தரணியிடமும் இருத்தல் நன்று.